எட்டாம் மாசத்தில் போன தாய்ப்பால் வகுப்பு: கொடுத்த காசுக்குத் தகுமா?

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரி பதிவுகளில் நானே அதைத்தான் தேடுவேன். தம்பதிக்கு 2,500 ரூபாய். சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை, நடுவில் ஒரு டீ, இரண்டு பிஸ்கட். இடம், தென்சென்னையில் ஒரு தனியார் மகப்பேறு மருத்துவமனையின் மேல்மாடி ஹால். அங்கேயே பிரசவம் பார்ப்பவர்கள்தான் வர வேண்டும் என்றில்லை, வேறு இடத்தில் பார்ப்பவர்களும் பதிவு செய்யலாம். பெயரை எழுதவில்லை, கீழே அவர்களைக் கொஞ்சம் திட்டப் போகிறேன். அதுவும் தவிர, இந்த மாதிரி வகுப்பு இப்போது பெரிய ஊர்கள் எல்லாவற்றிலும் நடக்கிறது, நிறை குறை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பாடம் எடுத்த சிஸ்டருக்கு முழு மார்க். ஏற்பாடு செய்த நிர்வாகத்துக்குப் பாதி மார்க். ஏன் என்று சொல்கிறேன்.

கர்ப்ப காலம் முழுக்க நம்மை அளந்துகொண்டே இருக்கிறார்கள். எடை, பிரஷர், ரத்தம், சிறுநீர், ஐந்தாம் மாத ஸ்கேன், 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குமட்டக் குமட்டக் குடிக்க வைத்து எடுக்கும் சுகர் டெஸ்ட், இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி. ஃபைல் தடித்துக்கொண்டே போகிறது. ஆனால் பிறந்த குழந்தைக்கு எப்படிப் பால் கொடுப்பது என்று அந்த ஃபைலில் ஒரு வரி கிடையாது. ஒருமுறை நானே வாய்விட்டுக் கேட்டேன். “அதெல்லாம் குழந்தை பொறந்ததும் தானா வரும்மா, இப்பவே ஏன் கவலைப்படறீங்க” என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். பால் தானாக ஊறும், அது சரி. குழந்தையை மார்பில் சரியாகப் பிடிக்க வைப்பது தானாக வராது. அக்கா, அண்ணி, சித்தி என்று வீட்டில் யாராவது ஒருத்தர் எப்போதும் மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வந்திருக்கலாம். என் வயதுக்காரர்கள் பாதிப் பேர் முதன்முதலாகத் தூக்கும் கைக்குழந்தையே தங்கள் சொந்தக் குழந்தைதான்.

மயக்க மருந்து தெளியாமல், தையல் வலியோடு, மூன்று நாள் தூக்கம் கெட்ட நிலையில் புதிதாக ஒரு வேலையைக் கற்றுக்கொள்ள யாராலும் முடியாது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மருத்துவமனைகளுக்குச் சொல்லும் பத்துப் படிகளில் மூன்றாவதாக, கர்ப்ப காலத்திலேயே தாய்ப்பாலைப் பற்றிப் பேசிவிடுங்கள் என்று வைத்திருக்கிறார்கள். இந்தப் பத்துப் படிகள் 1989-லேயே வந்தவை, 2018-ல் திருத்தி வெளியிட்டார்கள். அந்த மூன்றாம் படியில் கர்ப்பிணியிடம் மட்டும் பேசச் சொல்லவில்லை, அவர் குடும்பத்தாரிடமும் பேசச் சொல்லியிருக்கிறது. இந்த ‘குடும்பத்தார்’ சமாச்சாரத்துக்கு அப்புறம் வருகிறேன், என் பெரிய குறையே அதில்தான்.

வகுப்புக்கு வருவோம். பத்துப் பதினைந்து ஜோடி இருந்தோம். பிரசவ வார்டில் வெகுகாலம் வேலை பார்த்த ஒரு சிஸ்டர்தான் ஆசிரியை. புரொஜெக்டரில் ஸ்லைடு எல்லாம் ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அவர் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மேசை மேல் ஒரு பொம்மை, ஒரு ஊசியில்லாத சிரிஞ்சு, குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான ஒரு பாலாடை, கம்பளி நூலில் பின்னிய மார்பு மாதிரி ஒன்று. அவ்வளவுதான் அவர் கடை.

முதலில் எல்லோர் கையிலும் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். தாடையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள் என்றார். குடித்தோம், விழுங்கவே முடியவில்லை, என் கணவருக்குப் புரையேறிவிட்டது. இப்போது தலையைப் பக்கவாட்டில் திருப்பித் தோளைப் பார்த்தபடி குடியுங்கள் என்றார். அதுவும் முடியவில்லை. “இப்படித்தாங்க நாம பிள்ளைய பிடிக்கிறோம். உடம்பு மேலே பார்த்துக் கிடக்கும், தலையை மட்டும் மார்புப் பக்கம் திருப்பி வெச்சுப்போம். இல்லேன்னா பின்மண்டையில கைய வெச்சு அமுக்குவோம். அது குடிக்காம அழும். உடனே பால் பத்தலைன்னு சொல்லுவோம்” என்றார். எத்தனை ஸ்லைடு போட்டிருந்தாலும் இது எனக்கு ஏறியிருக்காது. குழந்தையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், வயிறு நம் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும், பின்மண்டையை விட்டுவிட்டுக் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் தாங்க வேண்டும் என்று அவர் சொன்னபோது யாருக்கும் காரணம் விளக்கத் தேவைப்படவில்லை.

அப்புறம் பொம்மையை வைத்துப் பிடிமானம். காம்பைக் குழந்தையின் வாய்க்கு நேராக வைக்கக் கூடாது, மூக்குக்கு நேராக வைக்க வேண்டும். மேலுதட்டில் உரசினால் குழந்தை தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் கொட்டாவி விடுவது போல வாயைத் திறக்கும், அந்த நொடியில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும், நாம் குனிந்து மார்பைக் கொண்டுபோய்த் திணிக்கக் கூடாது. வாய்க்குள் காம்பு மட்டும் போனால் புண்தான் மிஞ்சும். சுற்றியிருக்கும் கருப்பு வட்டத்தில் நிறையப் பகுதி உள்ளே போக வேண்டும், அதிலும் மேலுதட்டுக்கு மேல் கொஞ்சம் தெரியலாம், கீழுதட்டுப் பக்கம் அனேகமாகத் தெரியக் கூடாது. கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும், தாடை மார்பில் பதிந்திருக்க வேண்டும். முதல் சில நொடி இழுப்பது வேறு, குடிக்கக் குடிக்க வலிக்கிறது என்றால் பிடிமானம் தப்பு, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளாதீர்கள், சுண்டு விரலை வாய் ஓரத்தில் நுழைத்துக் காற்றை எடுத்துவிட்டு மறுபடி பிடிக்க வையுங்கள் என்றார். எல்லோரையும் பொம்மையை வைத்துச் செய்து காட்டச் சொன்னார். ஆண்களையும்தான். கூச்சப்பட்டவர்களை விடவில்லை.

சிரிஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் 5 மில்லி தண்ணீரை எடுத்து ஒரு எவர்சில்வர் ஸ்பூனில் விட்டார். ஸ்பூன் நிறைந்தது. பிறந்த அன்றைக்கு ஒரு வேளைக்கு ஏறக்குறைய இவ்வளவுதான் குழந்தைக்கு வேண்டும், சீம்பாலும் அவ்வளவுதான் வரும், கர்ப்பமான நாலைந்து மாசத்திலேயே உடம்பு அதைத் தயார் செய்ய ஆரம்பித்துவிடும் என்றார். பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகுதான் உடம்பில் ஹார்மோன் மாறி இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் பால் கட்டிக்கொண்டு இறங்கும். அதுவரைக்கும் மார்பு மெத்தென்றுதான் இருக்கும். நம் வீடுகளில் பவுடர் டப்பா உள்ளே நுழைவது சரியாக இந்த இடைவெளியில்தான். இந்த ஒரு ஸ்பூன் கணக்கை மனசில் வைத்துக்கொண்டால் போதும், மிச்சம் தைரியம் தானாக வரும்.

கர்ப்ப காலத்தில் மார்புக்கு என்ன ‘தயாரிப்பு’ செய்ய வேண்டும் என்று ஒரு பெண் கேட்டார். அவருக்குக் காம்பு உள்வாங்கி இருக்கிறதாம், தினம் எண்ணெய் தடவி இழுத்துவிடச் சொல்லி அத்தை சொன்னாராம். எதுவும் செய்ய வேண்டாம் என்றார் சிஸ்டர். இதை நான் வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன், அவர் சொன்னது சரிதான். 1990-களில் பிரிட்டனிலும் கனடாவிலும் இப்படிப்பட்ட கர்ப்பிணிகளை வைத்துப் பெரிய ஆய்வே நடத்தியிருக்கிறார்கள், இழுத்துவிட்டவர்களுக்கும் காம்பை வெளியே கொண்டுவர உள்ளாடைக்குள் வைக்கும் ‘ஷெல்’ என்ற மூடியை மாட்டிக்கொண்டவர்களுக்கும் அதனால் நன்மை ஒன்றும் தெரியவில்லை. குழந்தை மார்பைத்தான் பிடிக்கிறது, காம்பை மட்டும் பிடிப்பதில்லை, ஆரம்பத்தில் கொஞ்சம் கூடுதலாக உதவி வேண்டியிருக்கும், அவ்வளவுதான். சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள் என்பது மட்டும் கூடுதல் தகவல். மார்பு சின்னதாக இருந்தால் பால் குறைவாக வருமா என்று கேட்கத் தயங்கிக் கேட்ட இன்னொருவருக்கும், அளவுக்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை, எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவு ஊறும், ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை கொடுங்கள், ராத்திரிப் பாலை மட்டும் விட்டுவிடாதீர்கள், அந்த நேரத்தில்தான் பால் சுரக்கும் ஹார்மோன் அதிகம் என்று நேராகச் சொன்னார்.

வகுப்பின் உச்சம் என்று நான் சொல்வது கடைசி அரைமணி நேரத்தை. ஒரு டப்பாவில் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் நம் வீடுகளில் கேட்கும் ஒரு வசனம். “பிள்ளை அழுதுக்கிட்டே இருக்கு, பால் பத்தலை போல.” “முதல் பால் மஞ்சளா இருக்கு, பீய்ச்சிக் கொட்டிடு.” “வெயிலா இருக்கு, நாக்கு வறண்டுடும், ரெண்டு சொட்டுத் தண்ணி குடு.” “தாத்தா கையால நாக்குல சீனித்தண்ணி சேனை வெச்சாத்தான் பிள்ளைக்கு அவர் குணம் வரும்.” கணவன்மார்கள் ஆளுக்கொரு சீட்டு எடுத்து அதற்குப் பதில் சொல்ல வேண்டும், மரியாதையாக, சண்டை வராமல். எங்கள் ஆளுக்கு வந்தது ‘பால் பத்தலை’ சீட்டு. இவர் எழுந்து நின்று “அத்தை, டயப்பர் எண்ணிப் பார்ப்போம்” என்றார். ஹாலே சிரித்தது. ஆனால் சரியான பதில் அதுதான். ஐந்தாறு நாள் ஆன குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறது, மலம் மஞ்சளாகிவிட்டது, பிறந்ததும் கொஞ்சம் குறைந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்ப ஏறிவிட்டது என்றால் பால் பத்துகிறது. அழுகையை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. பிறந்த எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, குழந்தை எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடந்தாலோ வகுப்பில் சொன்னதை எல்லாம் நினைத்துக்கொண்டு உட்காராமல் டாக்டரிடம் ஓடுங்கள் என்றும் அழுத்திச் சொன்னார். இப்படி எல்லையையும் சேர்த்துச் சொன்னதால்தான் அவர் மேல் நம்பிக்கை வந்தது.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

முதல் குறை, அந்தச் சீட்டில் இருந்த வசனங்களைச் சொல்லப்போகிற ஒருத்தர்கூட அந்த ஹாலில் இல்லை. ஒரு பதிவுக்கு இரண்டு பேர்தான், அதுவும் கணவன் மனைவி. போனில் பதிவு செய்யும்போதே என் அம்மாவும் வரலாமா என்று கேட்டேன், இடமில்லை, ‘கப்பிள்ஸ் ப்ரோகிராம் மேடம்’ என்றார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒரு வகுப்பை அப்படியே இறக்கி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அங்கே குழந்தை பிறந்தால் பக்கத்தில் புருஷன் இருப்பான். இங்கே வளைகாப்பு முடிந்து வளையல் சத்தத்தோடு அம்மா வீட்டுக்குப் போகிறோம், பிரசவம் அங்கே, மூன்று மாசம் பத்தியம் அங்கே, புருஷன் சனி ஞாயிறு பஸ் பிடித்து வந்து எட்டிப் பார்ப்பவர். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளையைக் கையில் வாங்குவது அம்மா, காலையில் கருத்துச் சொல்வது மாமியார், நடுநடுவே போனில் பெரியம்மா. அந்த ஹாலில் சிஸ்டர் கையைத் தூக்கச் சொன்னபோது பாதிக்கு மேல் பேர் திருச்சி, திருநெல்வேலி, சேலம் என்று தாய்வீட்டில்தான் பிரசவம் என்றார்கள். அப்படியானால் ‘எங்கள் மருத்துவமனையில் தாய்ப்பால் கொடுக்க என்னென்ன வசதி’ என்று ஓடிய ஸ்லைடுகள் யாருக்கு?

இரண்டாவது, சிசேரியன். அதற்கு ஒதுக்கியது ஒரே ஒரு ஸ்லைடு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுக் கணக்குப்படி, அதாவது 2019-21, தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 63.8. அந்த ஹாலில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு வயிற்றில் தையல் இருக்கப்போகிறது என்று தெரிந்தும், மடியில் படுக்க வைத்துக் கொடுப்பதைத்தான் விரிவாகக் காட்டினார்கள். தையலில் படாமல் குழந்தையை அக்குளுக்குக் கீழே இடுக்கிப் பிடித்துக் கொடுப்பதும், ஒருக்களித்துப் படுத்துக் கொடுப்பதும் கேட்டால்தான் வந்தது. நான் கேட்டேன், சிஸ்டர் தயங்காமல் தரையில் பாயை விரித்துப் படுத்தே காட்டினார். கேட்காமல் வந்தவர்கள் பாவம்.

மூன்றாவது, எனக்குக் கோபம் வந்த விஷயம். போகும்போது ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். உள்ளே துண்டு, எண்ணெய், விளம்பரத் தாள்கள், அப்புறம் ஒரு பால் பாட்டில். தாய்ப்பால் வகுப்பில் பாட்டில்! 1992-லிருந்து நம் நாட்டில் இதற்கு ஒரு சட்டமே இருக்கிறது, 2003-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். குழந்தைப் பவுடர் பால், பால் பாட்டில் இரண்டையும் விளம்பரம் செய்யக் கூடாது, தாய்மார்களுக்கு இலவசமாகக் கொடுக்கக் கூடாது. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் சொன்னேன், ‘ஸ்பான்சர் கிட் மேடம், எங்களுக்குத் தெரியாது’ என்றார். சிஸ்டர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் இதில் வருத்தம் என்றுதான் தெரிந்தது. பாட்டிலை அங்கேயே மேசையில் வைத்துவிட்டு வந்தேன். இவ்வளவுக்கும் அந்த மேசையிலேயே பாலாடை இருந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கும் மார்பில் குடிக்க முடியாத குழந்தைகளுக்கும் பீய்ச்சிய பாலை ஊட்ட இன்றைக்கும் பெரிய மருத்துவமனைகளில் பயன்படுத்துவது நம் பாட்டி காலத்துப் பாலாடையைத்தான். பத்தே நிமிடத்தில் கழுவிக் கொதிக்க வைத்துவிடலாம். பையில் அதைப் போட்டிருக்கலாமே?

வகுப்பின் நடுவே தாய்ப்பால் எடுக்கும் பம்பை விற்கப் பேசியதைப் பற்றி ஒரே வரி: அரைமணி நேரம் வீண். வேலைக்குத் திரும்பப் போகிறவர்களுக்குப் பம்ப் வேண்டியிருக்கலாம், அதை எட்டாம் மாசத்தில் வாங்கி வைக்கத் தேவையில்லை. அதற்குப் பதில் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, வேலைக்குத் திரும்பிய பிறகு குழந்தைக்குப் பதினைந்து மாசம் ஆகும்வரை தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளை என்று சட்டத்தில் இருப்பதைச் சொல்லியிருந்தால் உபயோகமாக இருந்திருக்கும். என் ஆபீஸில் இந்த இடைவேளை சமாச்சாரம் ஹெச்.ஆர்-க்கே தெரியாது.

இந்த இடத்தில் ஒப்பிட்டே ஆக வேண்டும். அருப்புக்கோட்டைப் பக்கம் என் தம்பி பெண்டாட்டியும் ஏறக்குறைய அதே சமயத்தில் கர்ப்பம். அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்தவள். பதிவு எண், 18,000 ரூபாய் மகப்பேறு நிதியுதவி, அங்கன்வாடி சத்துமாவு எல்லாம் முறையாக நடந்தது. வகுப்பு என்று தனியாக ஒன்றும் கிடையாது. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் கூட்டத்தில் பெஞ்சில் உட்கார வைத்து நர்ஸம்மா பத்து நிமிடம் பேசுவார், பாதி காதில் விழும், பாதி விழாது. பொம்மை கிடையாது, கூச்சமில்லாமல் கேள்வி கேட்க மறைவிடமும் கிடையாது. ஆனால் கிராம சுகாதார செவிலியர் ஒன்பதாம் மாசத்தில் வீட்டுக்கே வந்தார். வந்தவர் கர்ப்பிணியிடம் பேசியதைவிட எங்கள் அம்மாவிடம்தான் அதிகம் பேசினார். திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு, “யம்மா, பிள்ளை பொறந்ததும் சீனித்தண்ணி, தேனு, கழுதப்பாலு எதுவும் வாயில வெச்சுறாதீக. ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால் குடுக்கணும். நீங்கதான் பாத்துக்கணும்” என்று பொறுப்பை அம்மா தலையில் கட்டிவிட்டுப் போனார். அம்மா அதற்கு, “எம் மகன் பொறந்தப்ப மூணு நாள் சீனித்தண்ணிதான் குடுத்தோம், ஆளு நல்லாத்தான திரியிறான்” என்று இழுத்தாராம். செவிலியர் விடவில்லை. தேனில் இருக்கும் கிருமி பச்சைக் குழந்தைக்கு எமனாகிவிடும், ஒரு வயசு வரை தொடக் கூடாது என்று விளக்கியிருக்கிறார். அதன் பிறகு ஊரில் யார் வந்து என்ன சொன்னாலும் அம்மாவே, “நர்ஸம்மா வேணாம்னு சொல்லிருக்காக” என்று மறித்துவிட்டார். ஒரு பைசா செலவில்லை.

என் 2,500 ரூபாய் வகுப்பு எனக்குக் கற்றுக் கொடுத்தது அதிகம். அந்தத் திண்ணைப் பேச்சு வீட்டை மாற்றியது. இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தால் அதைவிட என்ன வேண்டும்? 2016-லிருந்து தாய்ப்பாலுக்கென்றே மத்திய அரசு ‘மா’ என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது, அதில் ‘ஆஷா’ எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர்கள் தாய்மார்களைக் கூட்டிவைத்துப் பேசுவதும் ஓர் அங்கம். எங்கள் ஊர்ப் பக்கம் அந்த வேலையைக் கிராம செவிலியர்தான் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறார். தனியார் மருத்துவமனைகள் இவர்களிடம் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகலாம். மேலே சொன்ன அதே 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் ஏறக்குறைய 89 சதவீதப் பிரசவம் மருத்துவமனைகளில் நடக்கிறது, ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்த குழந்தைகள் 41.8 சதவீதம்தான். டாக்டரும் நர்ஸும் சுற்றி நிற்கும்போதே இந்த லட்சணம்.

நடைமுறையில் வகுப்பு எனக்கு எப்படி உதவியது என்று கேட்பீர்கள். எனக்குச் சிசேரியன்தான் ஆனது, ஊரில் வேறொரு மருத்துவமனையில். வகுப்பில் ஒரு தாளை எழுத வைத்திருந்தார்கள், பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வைக்க வேண்டியவை: ஆபரேஷன் தியேட்டரிலோ வெளியே வந்ததுமோ குழந்தையை நெஞ்சில் போடுவீர்களா, குழந்தையைத் தனியே வைப்பதாக இருந்தால் காரணம் சொல்வீர்களா, பவுடர் பால் கொடுக்கும் முன் எங்களைக் கேட்பீர்களா. மூன்றே கேள்வி. டாக்டர் சிரித்துக்கொண்டே ஃபைலில் சொருகினார். அந்தத் தாள் வேலை செய்தது பாதிதான். குழந்தையை நெஞ்சில் போட்டார்கள், சந்தோஷம். அன்று ராத்திரி ‘அப்சர்வேஷன்’ என்று நர்சரிக்குத் தூக்கிப் போனவர்கள் எங்களைக் கேட்காமலேயே பவுடர் பால் கொடுத்துவிட்டார்கள். காலையில் கேட்டதற்கு டியூட்டி மாறிவிட்டது என்று பதில். மூன்றாம் நாள் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது, குழந்தையால் பிடிக்கவே முடியவில்லை, வாய் வைத்து வைத்து வழுக்கியது. அப்போதுதான் வகுப்பில் காட்டிய கையால் பீய்ச்சும் முறை கைகொடுத்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் காம்பிலிருந்து தள்ளி கருப்பு வட்டத்தின் ஓரத்தில், நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்க வேண்டும், தோலைத் தேய்க்கக் கூடாது, காம்பை இழுக்கக் கூடாது. கொஞ்சம் எடுத்ததும் வட்டம் இளகியது, பிள்ளை கப்பென்று பிடித்துக்கொண்டான். பம்ப் அப்போது ஊரிலேயே இல்லை.

இன்னொன்று, கட்டணத்திலேயே அடங்கியது, ஆனால் விளம்பரத்தில் சின்ன எழுத்தில்தான் போட்டிருந்தார்கள்: பிரசவத்துக்குப் பிறகு ஒரு மாசம் வரை அதே சிஸ்டரிடம் வாட்ஸ்அப்பில் கேட்கலாம், தேவைப்பட்டால் வீடியோ காலில் பார்ப்பார். உண்மையில் காசு அதற்குத்தான் போகிறது. ராத்திரி கேட்டால் காலையில்தான் பதில் வரும், அதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். வீடியோவில் என்னைப் பார்த்து, ‘மேல தூக்குங்கம்மா, இன்னும், உங்க முதுகு வளையக் கூடாது, பிள்ளை உங்ககிட்ட வரணும்’ என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பின்னால் நின்ற அம்மாவையும் விடவில்லை. “அம்மா, நீங்க காதை வெச்சுக் கேளுங்க, ‘க்கா, க்கா’ன்னு விழுங்குற சத்தம் கேக்குதா?” என்றார். அம்மா குனிந்து கேட்டார். கேட்கிறது என்றார். அன்றையிலிருந்து ‘பத்தலை’ என்ற பேச்சு எங்கள் வீட்டில் நின்றுபோனது. பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் மட்டும் நிற்கவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை, ருசியாக இருந்தது.

போகலாமா என்றால், முதல் பிரசவம், வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆளில்லை, காசு இருக்கிறது என்றால் போங்கள். ஏழாம் மாசத்திலிருந்து எட்டாம் மாசத்துக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் மூன்று மணி நேரம் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார முடியாது, தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டால் போகவும் முடியாது. காசு கட்டும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: பாடம் எடுப்பவர் வார்டில் வேலை பார்த்தவரா, பிரசவத்துக்குப் பிறகு கூப்பிட்டால் வருவாரா, எந்தப் பவுடர் அல்லது பாட்டில் கம்பெனியாவது பின்னால் இருக்கிறதா. ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு நன்றாகப் பால் கொடுத்தவர்களுக்கு இது தேவையில்லை. காசு இடிக்கிறது என்றால் ஆகஸ்ட் முதல் வாரம், உலகத் தாய்ப்பால் வாரம், அரசு மருத்துவமனைகளிலும் பல தனியார் மருத்துவமனைகளிலும் இலவசமாகவே கூட்டம் நடத்துவார்கள், அம்மாவையோ மாமியாரையோ கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காருங்கள். ஏசி அதிகம், சால்வை எடுத்துப் போங்கள். லிஃப்ட் அந்த மாடி வரை வராது, கடைசி மாடி படிதான், கர்ப்பிணிகளுக்கு நடத்தும் வகுப்பை அங்கே வைத்தவர் யாரோ தெரியவில்லை.

கருத்துப் படிவத்தில் பாட்டிலைப் பற்றியும், அம்மா மாமியாரை அனுமதிக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருந்தேன். போன வாரம் என் தோழி ஒருத்தி அதே வகுப்புக்குப் பதிவு செய்யப் போன் செய்தபோது, மாமியாரையும் கூட்டி வரலாமா என்று கேட்டிருக்கிறாள். தாராளமாக வரலாம், தலைக்கு 600 ரூபாய் கூடுதல் என்றார்களாம். கட்டிவிட்டுக் கூட்டிப் போடி என்றேன். பை கொடுத்தால் பிரித்துப் பார்க்கவும் சொல்லியிருக்கிறேன்.